கூரையில் இரண்டு கையகல வெள்ளை

“வெள்ளை குடுங்க” என்று வந்து நிற்பவர்களைக் கண்டாலே எனக்கு அலுப்புத் தட்டும். மர்கிலான் ஊரில், பழைய கார் விற்கும் வண்டிச் சந்தையின் வாசலில் பத்தொன்பது வருஷமாகக் கார் பெயிண்ட் கலந்து விற்கிறேன். எங்கள் ஊரில் பத்துக் காருக்கு எட்டுக் கார் வெள்ளை. அதனால் வெள்ளை என்றால் ஒன்றுதான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் நிறத்தின் எண் இருக்கும், பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றால் முறைக்கிறார்கள். எழுதி வந்தாலும் தீராது. பல வருஷம் வெயிலில் நின்ற வண்டிக்கு அந்த எண் பிறந்த தேதி மாதிரி. இன்றைக்கு முகம் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

மஸ்தூரா முதல் தடவை வந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அரசு மருத்துவமனை நர்ஸ். வெள்ளைக் கோட்டின் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எண் எழுதிய துண்டுச்சீட்டோடு வந்தாள். ஒழுங்கான ஆள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எண்ணுக்குரிய வெள்ளையை, மூடியிலேயே தூரிகை இருக்கும் சின்ன பாட்டிலில் அடைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அந்தப் பாட்டில் திரும்பவும் என் மேஜைக்கு வந்துவிட்டது.

“இது என் வண்டி வெள்ளை இல்ல அண்ணே.”

“எண்ணு சரிதானே தங்கச்சி?”

“எண்ணு சரி. வண்டிதான் மாறிடுச்சு. வெளிய வந்து பாருங்க, தயிர் தெறிச்ச மாதிரி இருக்கு.”

போய்ப் பார்த்தேன். சின்ன மாட்டிஸ் கார், அப்போது அதற்கு ஏழு வயது. கல் தெறித்த இடங்களில் அவள் வைத்திருந்த ஐந்து பொட்டும் பானெட்டில் பளிச்சென்று தெரிந்தன. அவள் சொன்னது சரி என்பதில் எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கடைக்குள் கொண்டுவந்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலந்தேன். வெள்ளையில் ஒரு துளி காவி மஞ்சள், ஊசி முனையளவு கறுப்பு. ஈரத்தில் எந்த வெள்ளையும் எந்த வெள்ளையோடும் ஒத்துப்போகும், காய்ந்தால்தான் குட்டு வெளிப்படும். அதனால் ஒவ்வொரு தடவையும் காயவைத்துப் பார்த்தோம். மூன்றாவது கலவை மூடியோடு மூடியாக ஒட்டிக்கொண்டது.

தூரிகை வேண்டாம் என்றாள். கைப்பையிலிருந்து இன்சுலின் சிரிஞ்சை எடுத்தாள். கல் தெறித்த குழியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நடுவில் அரைத்துளி மட்டும் விட்டாள். அது தானாகப் பரவி ஓரத்தைத் தொட்டு நின்றது.

“நாளைக்கு இன்னொரு அரைத்துளி. ஒரே நாள்ல ரொப்பினா வீங்கிடும்” என்றாள்.

இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்த ஆள் வேறு யாரையும் நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வருவாள். பஞ்சு மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டருக்குப் பின்னால் போனால் கல் தெறிக்கத்தான் செய்யும். அவள் வண்டிக்கான கலவையை ஒரு டப்பாவில் பெயர் எழுதித் தனியாக வைத்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வண்டி இன்னும் கொஞ்சம் மஞ்சளாகும், நானும் ஒரு துளி கூட்டுவேன்.

அவள் கணவன் எர்காஷ் பன்னிரண்டு வருஷமாக ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். இதுவரை மூன்று தடவை வந்து போயிருக்கிறான். முதல் இரண்டு வருஷச் சம்பாத்தியத்தில், ஆறு வருஷப் பழசாக வாங்கிய வண்டி இது. பத்திரம் அவன் பேரில். திரும்பி வந்து தானே ஓட்டுவதாகத் திட்டம். வண்டி முற்றத்தில் துணி போர்த்திக்கொண்டு ஆறு மாதம் சும்மா நின்றது. மஸ்தூரா யாரிடமும் கேட்காமல் நாற்பத்தொரு வயதில் போய் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கிய பிறகு போனில் சொன்னாளாம். அவன் கேட்டது, “எங்கயாவது இடிச்சியா? பெயிண்ட் சுத்தமா இருக்குல்ல?”

அதில் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் ஊரே அப்படித்தான். கார் வாங்க வருகிறவன் என்ஜினைப் பற்றிப் பிறகு கேட்பான், முதலில் பெயிண்ட் சுத்தமா என்பான். கம்பெனியில் அடித்த பெயிண்ட்டைத் தவிர மேலே எதுவும் ஏறியிருக்கக் கூடாது. கதவில் கோடு கோடாகக் கீறல் இருந்தாலும் பரவாயில்லை, அதைச் சரிசெய்து புதுசாக அடித்திருந்தால் விலை விழுந்துவிடும். சந்தையில் மீட்டரோடு சுற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். தகரத்தின் மேல் வைத்தால் பெயிண்ட்டின் தடிமனைக் காட்டும் மீட்டர். நூறு, நூற்றுப் பத்து என்று காட்டினால் எல்லோருக்கும் முகம் மலரும். முன்னூறைத் தாண்டினால் மெக்காவுக்குப் போய் வந்தவர் சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டார்கள். அதிலும் கூரையில் பெயிண்ட் என்றால் போச்சு. கதவில் யாராவது உரசியிருக்கலாம், கூரை எப்படி அடிபடும்? வண்டி உருண்டிருக்கிறது என்று அர்த்தம். உருண்ட வண்டியை எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.

என் பிழைப்பே இந்தப் பைத்தியத்தில்தான் ஓடுகிறது. மறைக்கிறவனும் என்னிடம்தான் வருகிறான், மறைத்ததில் ஏமாந்தவனும் என்னிடம்தான் வந்து கத்துகிறான்.

இந்த வசந்தத்தில், ஒரு புதன்கிழமை, மஸ்தூரா வந்து கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்தாள். வழக்கமாக உட்கார மாட்டாள். பச்சைத் தேநீர் ஊற்றிக் கிண்ணத்தை நீட்டினேன். கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே இருந்தாள்.

“வண்டிய விக்கப் போறாங்க அண்ணே.”

“யாரு?”

“ஷோகிர். என் கொழுந்தன். எர்காஷ் அவன் பேருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பிட்டாரு. இத வித்து, மேல கொஞ்சம் போட்டு வேன் வாங்கி ஓட்டப் போறானாம். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஆதாயம்னு பேசி முடிச்சிட்டாங்க. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வருது.”

“உங்ககிட்ட கேக்கலையா?”

“சொன்னாங்க.”

மதியம் இரண்டு மணிவரை அவளுக்கு மருத்துவமனை. அதன் பிறகு வீடு வீடாகப் போய் ஊசி போடுவாள், குளுக்கோஸ் ஏற்றுவாள், படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள். ஒரு நாளைக்குப் பதினொரு வீடு. கடைசி வீடு கால்வாயைத் தாண்டி, பஸ் போகாத இடத்தில்.

“பஸ்ஸுல போனா நாலு வீடு முடிக்கலாம்” என்றாள். “மிச்சம் ஏழு வீட்டுக்கு என்ன சொல்றது? ஷோகிர்கிட்ட கேட்டேன். ‘வண்டி வர்றதுக்கு முன்னாடி அவங்கள்லாம் செத்தா போனாங்க அண்ணி?’ங்கறான்.”

“வாய்க்கொழுப்புப் பிடிச்சவன்.”

“அது மட்டும் இல்லண்ணே. நான் சொன்னா சிரிப்பீங்க. வீட்டுல மாமியார், ஆஸ்பத்திரில டாக்டரு, போற எடத்துல நோயாளி. எல்லாருக்கும் என்கிட்ட ஏதாவது வேணும். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவுல வண்டில உக்காந்திருக்கற பத்து நிமிஷம் மட்டும்தான் யாருக்கும் எதுவும் வேணாம். அதையும் எடுத்துக்கறாங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நான் என்ன செய்வது? பெயிண்ட் கலக்கிறவன்.

“உங்க கலவை ஒரு பாட்டில் தரட்டுமா? விக்கறதுக்கு முன்னாடி முன்பக்கம் ஒத்திக்கலாம்” என்று, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

“பாட்டில் வேணாம். ஸ்ப்ரே டப்பாவுல அடைச்சுக் குடுங்க. கூரைக்கு.”

“கூரைல கல்லு தெறிக்காதே.”

“தெறிக்கல. கூரைல ஒரு குறையும் இல்ல. அங்கதான் அடிக்கப் போறேன். ரெண்டு கையகலம். கண்ணுக்குத் தெரியக் கூடாது, மீட்டருக்குத் தெரியணும்.”

பத்தொன்பது வருஷத்தில் அடிபட்ட வண்டியை அடிபடாததாகக் காட்ட எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. அடிபடாத வண்டியை உருண்டதாகக் காட்ட வந்தவள் இவள் ஒருத்திதான்.

“தங்கச்சி, ஒன்பது வருஷமா சிரிஞ்சு வச்சுக் காப்பாத்துன பெயிண்ட்டு.”

“தெரியும்.”

“ஒரு தடவ சுரண்டிட்டா திரும்ப வராது. நான் தலைகீழா நின்னு கலந்தாலும் அது ரெண்டாவது பெயிண்ட்டுதான்.”

“தெரியும்னு சொல்றேன்ல அண்ணே!” என்று அதட்டினாள். பிறகு குரல் இறங்கியது. “உருண்ட வண்டிய யாரும் வாங்க மாட்டாங்க. வாங்கலன்னா என்கிட்டயே கெடக்கும்.”

“எவனாவது என்கிட்ட வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். என் கடை இந்த வாசல்லதான் இருக்கு.”

“பொய் சொல்லாதீங்க. கூரை பெயிண்ட் யாரு குடுத்தான்னு கேட்டா நான்தான்னு சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

கலந்தேன். கூரை மற்ற இடத்தை விட அதிகம் வெயில் தின்றிருந்தது. கதவுக்கு ஒத்துப்போகிற வெள்ளை அங்கே ஒத்துப்போகாது. அவள் வண்டியைப் கடைக்குப் பின்னாலிருக்கும் என் பட்டறையின் நிழலில் நிறுத்தச் சொல்லி, நாற்காலி போட்டு ஏறி நின்று, நிற அட்டைகளைக் கூரைமேல் வைத்து வைத்துப் பார்த்தேன். மஞ்சளைக் கூட்டினேன். துளி சிவப்புகூடப் போட வேண்டியிருந்தது. எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் அரைகுறையாகக் கலந்து கொடுக்க என் கைக்குத் தெரியாது.

எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். முதலில் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்க்க வேண்டும். பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையைச் சன்னமாக இழுத்து, காய்ந்ததும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். அந்தப் பட்டிதான் மீட்டரைப் பேச வைக்கும். அதன் மேல் பிரைமர். பிறகு டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டி, மெல்லிசாக நான்கு தடவை. ஓரத்தில் கோடு விழாமலிருக்கக் காகிதத்தை மடித்து ஒட்டாமல் சுருட்டி ஒட்ட வேண்டும். கடைசியில் பாலிஷ். மருந்துச் சீட்டில் எழுதுவதுபோல எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை பகலில் வண்டியைக் கொண்டுவந்து காட்டினாள். நாற்காலியில் ஏறி, குனிந்து, வெயிலுக்கு எதிராகப் பார்த்தேன். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. விரலால் தடவியும் தெரியவில்லை.

“நல்லா பண்ணியிருக்கீங்க” என்றேன். உண்மையாகவே என் பட்டறைப் பையன்களை விட நன்றாகச் செய்திருந்தாள்.

“தேய்க்கறப்ப அழுதுட்டேன் அண்ணே” என்றாள். “நல்லா இருக்கற தோல நானே உரிக்கற மாதிரி இருந்துச்சு.” அவள் விரல் நகங்களில் வெள்ளை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஷோகிர் வந்துவிட்டான். வண்டியைக் கழுவித் துடைத்து, என் கடைக்கு எதிர் வரிசையிலேயே நிறுத்தினான். “பெயிண்ட் சுத்தம்! பத்து வருஷமா ஒரு பொம்பளை கை மட்டும் பட்ட வண்டி! என் அண்ணி கொழந்த மாதிரி வளத்தது!” என்று சந்தைக்கே கேட்கும்படி கத்தினான். நான் கடைக்குள் உட்கார்ந்து டப்பாக்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

பக்கத்து ஊரான குவாவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் மகனோடு வந்திருந்தார். வண்டி பிடித்துப்போயிற்று. மீட்டர்க்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் பானெட்டிலிருந்து ஆரம்பித்தான்.

“நூத்திப் பத்து. நூத்தி அஞ்சு. நூத்திப் பத்து. அட, பதினாறு வருஷ வண்டியா இது?”

“நான்தான் சொன்னேனே!” என்றான் ஷோகிர்.

“கதவு நூத்தி இருபது. இந்தப் பக்கமும் அதேதான். ஐயா, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க. கூரைய மட்டும் ஒரு பேருக்குப் பாத்துடறேன்.”

மீட்டர்க்காரன் கூரையில் இரண்டு இடத்தில் வைத்தான். மூன்றாவது இடத்தில் வைத்துவிட்டு எடுக்கவில்லை. திரும்ப வைத்தான். ஊதித் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தான்.

“எழுநூத்தி நாப்பது.”

“மீட்டர் கெட்டுப்போச்சுய்யா” என்றான் ஷோகிர்.

“மீட்டர் நல்லாத்தான் இருக்கு. உன் வண்டிதான் குட்டிக்கரணம் போட்டிருக்கு.”

சுற்றி இருபது பேர் கூடிவிட்டார்கள். சந்தையில் இந்த மாதிரி விஷயத்துக்குக் கூட்டம் சேர நேரம் ஆகாது. உருண்ட வண்டி, உருண்ட வண்டி என்று அடுத்த வரிசைவரை பேச்சுப் போயிற்று. ஆசிரியர், தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். ஷோகிர் அவரை விடாமல் இழுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தான்.

“மமஸாதிக் அண்ணே, அண்ணி உங்ககிட்டதானே பெயிண்ட் வாங்குவாங்க? இந்தக் கூரைல பெயிண்ட் இருக்காது, இருக்க முடியாதுன்னு இவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க வாய்லேர்ந்து வந்தா நம்புவாரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தேன்.

“கூரைக்குப் பெயிண்ட் என் கடைல வாங்குனதுதான்” என்றேன். “நான்தான் கலந்து குடுத்தேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனாலும் பொய் சொன்ன மாதிரியேதான் இருந்தது. ஆசிரியர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஷோகிர் அங்கேயே, என் கடை வாசலிலேயே, மஸ்தூராவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினான்.

“அண்ணி! வண்டி எப்ப உருண்டுச்சு?”

“ரெண்டு வருஷம் ஆச்சு. கால்வாய்க் கரைல. மழை” என்றாள்.

“ஏன் சொல்லல? யாரு தூக்கிவிட்டா? எந்தப் பட்டறைல அடிச்சீங்க? யாருக்கெல்லாம் தெரியும்?”

“சேஸ் வளைஞ்சிருக்கான்னு கேளு” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “கண்ணாடி மாத்தினதான்னு கேளு” என்றது இன்னொன்று. ஷோகிர் எல்லாவற்றையும் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். பத்து மணிக்கெல்லாம் வண்டி சந்தையை விட்டுப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் மஸ்தூரா வந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே இருந்தாள். நானே தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

“வண்டி உங்ககிட்டயே இருக்கு.”

“இருக்கு. ஷோகிர் சாவிய முற்றத்துல வீசிட்டுப் போனான். ‘இந்தத் தகரத்த நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க, இனிமே ஒரு பய தொடமாட்டான்’னான்.”

“அப்ப நெனச்சது நடந்திருச்சு.”

“நடந்திருச்சு.”

முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் வயது கூடிய மாதிரி இருந்தாள்.

“எர்காஷ் பேசினாரா?”

“ராத்திரி பேசினாரு. எப்ப உருண்டுச்சுன்னு கேட்டாரு. யாரு சரி பண்ணினதுன்னு கேட்டாரு. இப்ப என்ன வெலைக்குப் போகும்னு கேட்டாரு. அப்பறம் வச்சுட்டாரு.” தேநீர்க் கிண்ணத்தை ஸ்டீயரிங் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்குச் சந்தைல எத்தன பேரு அண்ணே நின்னாங்க?”

“இருபது பேரு இருக்கும்.”

“போன்ல எல்லாக் குரலும் கேட்டுச்சு. சேஸ் வளைஞ்சதான்னு கேட்டாங்க. கண்ணாடி போச்சான்னு கேட்டாங்க. நானும் ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு ஆளாவது கேப்பாங்கன்னு நெனச்சேன் அண்ணே. வண்டி தலைகீழா உருண்டுச்சே, உள்ள இருந்தவளுக்கு என்ன ஆச்சுன்னு.”

வண்டி உருளவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் நான் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அங்கே நின்றபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

“எர்காஷ் மட்டும் அதக் கேட்டிருந்தா” என்றாள், “‘இல்லீங்க, பொய் சொன்னேன், வண்டி உருளவே இல்ல’ன்னு சொல்லிச் சாவியக் குடுத்திருப்பேன். பஸ்ஸுலயே போயிருப்பேன். போன் முடியற வரைக்கும் காத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

தேநீரைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பானெட்டில் புதுசாக ஒரு கல் தெறித்திருப்பதாகச் சொல்லி, பழைய டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றித் தரச் சொன்னாள். ஊற்றிக் கொடுத்தேன். பைக்குள் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

அப்போதுதான் கேட்டேன். கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும், கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை.

“தங்கச்சி, உங்களுக்கு அடி ஒண்ணும் படலியே?”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

“பட்டுச்சு அண்ணே” என்றாள். முதல் வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.